இரண்டாவது கப் யாருக்கு?

யூனிஸ் அம்மாள் நாற்காலியிலேயே செத்துக் கிடந்தாள்!

கழுத்தில் விரல் தடம். மேஜையில் இரண்டு கப். ஒன்று காலி. மற்றதில்... தளும்பத் தளும்பக் காபி, ஆடை கட்டிப்போய்.

மர்பி டவுனே வாசலில் கூடிவிட்டது. சப் இன்ஸ்பெக்டர் ஜெயராமனுக்கு வேலை சுலபமாகத்தான் தெரிந்தது. இரண்டு கப் என்றால் விருந்தாளி. அந்த வீட்டுக்கு வருகிற ஒரே ஆள், பக்கத்துச் சந்தில் நாற்காலிக்குப் பிரம்பு பின்னும் அய்யாவு.

அடுத்த போர்ஷனில் இருந்த கிளாரன்ஸ், அவள் அண்ணன் மகன், அடித்துச் சொன்னான். ஜன்னல் வழியாகப் பார்த்தானாம். அய்யாவு எதிர் நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தானாம். பேச்சு முற்றி, காபியைத் தொடாமல் எழுந்தானாம்.

அய்யாவு லாக்கப்புக்குப் போனான்.

"நான் அன்னைக்கு அந்தப் பக்கமே போவல சார். வீட்லதான் இருந்தேன்."

"யாரு பாத்தாங்க?"

"யாரு பாப்பாங்க சார்... நான் ஒண்டி ஆளு."

தூக்குமேடை வரைக்கும் கொண்டுபோய்விடக்கூடிய பதில்! ஜெயராமனுக்குச் சுருக்கென்றது. மனைவி ரமா போன பிறகு அவரும் ஒண்டி ஆள்தான்.

மறுநாள் காலை, பிரமோஷன் பரீட்சைப் புத்தகத்தை விரித்தார். போன தடவை கோட்டை விட்ட அதே ரகக் கேள்வி.

'கூரையில் புகை வருகிறது. ஆகவே உள்ளே சமையல் நடக்கிறது. இதில் சொல்லாமல் விட்ட அனுமானம் எது?'

புகை என்றாலே சமையல்தான் என்று நினைத்துக்கொண்டது! இதுகூடவா தெரியவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டு காபி ஆற்றினார். ஆற்றிவிட்டுப் பார்த்தால்...

இரண்டு டம்ளர்.

தினமும் நடக்கிற கூத்து. ரமா செத்ததை அவர் கை மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டாவதை வழக்கமாகக் கொட்டிவிடுவார். இன்று கொட்ட மனம் வரவில்லை.

இரண்டு கப்... ஆகவே இரண்டு பேர்! அவர் சொல்லாமல் விட்ட அனுமானம் எது?

குடிக்கிறவர் உயிரோடு இருக்கிறார் என்பது!

லாக்கப்புக்கு ஓடினார். "அந்தம்மா தினம் ரெண்டு கப் வைக்குமா?"

அய்யாவு தலையைக் குனிந்துகொண்டான். "செத்துப்போன புருஷனுக்கு சார். டென்சில் ஐயாவுக்கு. பைத்தியம்னுவாங்க, வெளிய சொல்லாதேன்னுச்சு. நான் போனா மேஜையில மூணு கப் இருக்கும்."

இன்னொரு விஷயமும் சொன்னான். ஜெயராமன் ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

கிளாரன்ஸ் அதற்குள் அத்தை வீட்டில் தன் கட்டிலைப் போட்டிருந்தான்.

"அய்யாவு எங்க உக்காந்திருந்தான்?"

"இதோ, பூத்துணி போட்ட இந்த நாற்காலியில சார். கால் மேல கால் போட்டுக்கிட்டு."

"எப்படின்னு உக்காந்து காட்டு."

உட்கார்ந்தான்.

மடார்!

துணிக்கு அடியில் இற்றுப்போயிருந்த பிரம்பு கிழிந்து, முழங்கால் மோவாயில் முட்ட மாட்டிக்கொண்டான் கிளாரன்ஸ்.

அது டென்சிலின் நாற்காலி. புதுசாய்ப் பின்னித் தருகிறேன் என்று அய்யாவு கெஞ்சியும் அவள் விடவில்லை. அவர் உட்கார்ந்த பின்னல் அப்படியே இருக்கட்டும் என்றாளாம். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தும் ஒரு நாள்கூட அத்தையோடு வந்து உட்காராத மருமகனுக்கு அது எப்படித் தெரியும்? கொன்ற பிறகு இரண்டு கப்பைப் பார்த்தான். போலீசைப் போலவே அவனும் ஒரு விருந்தாளியைச் சேர்த்துக்கொண்டான்.

"வீட்டை சர்ச்சுக்கு எழுதிடுவேன்னுச்சு சார்..." கிளாரன்ஸ் அழ ஆரம்பித்தான்.

தூக்கி விடலாமா என்று கேட்டார் ஏட்டு கோவிந்தப்பா.

"சீக்கிரம் தூக்குய்யா. பாவம், டென்சில் ரொம்ப நேரமா நிக்கிறார்."