நாற்பத்து மூன்றில் அணைந்த திரை

மழை சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்த ஏஞ்சல், லேப்டாப் பையைத் துப்பட்டாவுக்குள் அணைத்துக்கொண்டு, எதிரே கண்ணில் பட்ட ரிப்பேர் கடைக்குள் ஓடினாள்.

"அண்ணா, ஒரு பிளக் குடுங்க... அவசரம்!"

கழற்றிப் போட்ட கீபோர்டின் மேல் குனிந்திருந்தவன் நிமிர்ந்தான். அவள் இமையில் நின்ற மழைத்துளியில் அவன் பார்வை ஒரு கணம் தங்கியது. அவளுக்குத் தெரிந்தது... தெரியாத மாதிரி லேப்டாப்பைத் திறந்தாள்.

"நாப்பத்தி மூணு பர்சென்ட் கீதுன்னு காட்டிச்சு. பொசுக்குனு அணஞ்சிபோச்சு."

"அவ்ளோ இருந்தா அணையாதே..."

"அப்போ நான் பொய் சொல்றனா?"

"நீங்க இல்ல மேடம்... பேட்டரி சொல்லுது."

சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். முடியவில்லை.

டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டு, திருப்புலிவனத்தில் வீட்டிலிருந்தே டைப் செய்து கொடுப்பது அவள் வேலை. கரண்ட் போனால் இந்தப் பழைய லேப்டாப்பின் பேட்டரிதான் கதி. அது பாதியில் அணைந்து, செய்ததெல்லாம் அழிந்து, வேலை தாமதமாகிக்கொண்டே வந்தது. இன்னொரு தடவை தாமதமானால் இனி வேலை கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

தணிகைவேல், அதுதான் அவன் பெயர், பொறுமையாகப் பார்த்தான்.

"பேட்டரிக்கு வயசாய்ட்ச்சி. புதுசுல தாங்கினதுல பாதிதான் தாங்குது. எப்பவும் சார்ஜர்லயே போட்டு வெச்சிகினு இருந்தீங்களா? எது ஃபுல்லு, எது காலின்னு அதுக்கே கணக்கு தப்பிப் போச்சு. ஃபுல்லா ஏத்தி, தானா அணையிற வரைக்கும் ஓட வுட்டு, திரும்ப நடுவுல எடுக்காம ஏத்தணும். நாளைக்கு வாங்க, பாத்துடலாம்."

மறுநாள் மத்தியானம் போனாள். நூறில் தொடங்கியது.

"சும்மா ஓடினா லேட்டாவும். எதனா வீடியோ போடுங்க."

போன கிறிஸ்துமஸுக்குத் தெருவில் பாடிக்கொண்டு போன வீடியோவைப் போட்டாள்.

"பாடறது நீங்களா?"

"இல்ல... ஏரித் தவள."

"நல்லாதான் கத்துது."

எண்பது... அறுபது... கொஞ்சம் மெதுவாகக் குறையக் கூடாதா என்று தோன்றியது அவளுக்கு. அன்று 'அண்ணா' என்ற சொல் ஒருமுறைகூட அவள் வாயில் வரவில்லை. இருவருமே கவனித்தார்கள்.

அப்போதுதான் அவன் திரையைக் காட்டிச் சிரித்தான்.

"அட, நம்ம செல்லாயி! எங்க நெலத்துக்கு நடவுக்கு வருவா."

ஏஞ்சலின் முகம் மாறியது.

"அது எங்கம்மா."

அம்மா நடவுக்குப் போகும் பக்கத்து ஊர் நிலக்காரர் முத்துவேல் வீட்டுப் பிள்ளையா இவன்... அம்மா வரப்பில் ஒதுங்கி வழிவிடும் வீட்டுப் பிள்ளை. இவ்வளவு நேரம் அவளை 'நீங்க' என்றவன், அவள் அம்மாவை 'வருவா' என்கிறான். ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். பின்னாலிருந்து கூப்பிட்டான். திரும்பவில்லை.

கோபம் அவன் மேல்தான், அவன் சொன்ன வைத்தியத்தின் மேல் இல்லையே. வீட்டில் அணையும்வரை ஓடவிட்டு, பிறகு முழுக்க ஏற்றினாள். அந்த வாரம் கரண்ட் போனபோது எண் ஒழுங்காக இறங்கியது. குறைந்த நேரமே ஓடினாலும், அணையப்போவதை முன்பே சொன்னது. வேலை பிழைத்தது. ஆனாலும் அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அவன் குரல் கேட்டது... என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்தபோது வாசலில் அவன் நின்றிருந்தான். செல்லாயி பதறினாள்.

"வாங்க தம்பி... இன்னா விசயம்? நடவா?"

"நடவு இல்லம்மா. ஒங்களப் பேர் சொல்லி, வா போன்னு பேசிக்கினு இருந்தேன். அது தப்புன்னு எனக்கு இத்தினி நாளா தோணவே இல்ல. மன்னிச்சிடுங்க."

செல்லாயி முந்தானையால் நாற்காலியைத் துடைத்தாள். அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"எங்க வூட்ல டீ குடிப்பீங்களா?"

"குடிப்பேன்மா."

அவள் உள்ளே போனாள். ஏஞ்சல் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"இதுக்குத்தான் வந்தீங்களா?"

"இதுக்கும்..." அவன் குரல் தாழ்ந்தது. "ஒங்கள எனக்குப் புடிச்சிருக்கு ஏஞ்சல். கட்டிக்கணும்னு ஆச."

அவளுக்குள் சந்தோஷம்தான். முகத்தில் காட்டவில்லை.

"என்கிட்ட சொல்றது சுலபம். ஒங்க அப்பாகிட்ட?"

"சொல்லிட்டேன்."

"இன்னா சொன்னாரு?"

"சோத்துத் தட்ட தள்ளி வெச்சிட்டு எழுந்து போய்ட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம்... நான் இங்க வந்தேன்."

உள்ளே பால் பொங்கும் வாசனை. அவன் தெருப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்ப்பதை அவள் கவனித்தாள்.

"பயமா கீதா?"

"கீது."

"எனக்கும் கீது..." முதல் முறையாக அவன் கண்களை நேராகப் பார்த்தாள். "ஆனா, அன்னிக்கு மழ நிக்கவே கூடாதுன்னு நெனச்சவ நான்தான்."