புதுக்கரை கேட்ட தலை

இந்தக் காலத்து ஜனங்களுக்கு ஒரு அலறல் கேட்டால் போதும். அடுப்பில் சோறு கருகினாலும் போட்டது போட்டபடி வேடிக்கை பார்க்க ஓடுகிறார்கள்!

கிழவர் சீனி முகம்மது ஓடவில்லை. நடந்தே போனார்.

1927. பினாங்கு, சுங்கை பினாங் ஆற்றோரம். வெள்ளம் கம்பம் என்கிற அந்தக் கிராமத்துக்குள் புகாமல் இருக்கப் புதிதாய்ப் போட்ட மண்கரை. அதன் மேல் ஹபீபா பீவி மாரில் அடித்துக்கொண்டிருந்தாள். கையில் அவள் புருஷனின் தொப்பி.

தொப்பி நிறைய ரத்தம்!

புருஷன் ஜபருல்லாதான் கரையைக் கட்டிய கண்ட்ராக்டர். நேற்றிலிருந்து ஆளைக் காணோம்.

"கரைக்குத் தலை குடுத்துட்டாங்களே! அவர வெட்டி உள்ள பொதச்சிட்டாங்களே!"

கூட்டம் கரையிலிருந்து பின்வாங்கியது. மனுஷத் தலை வைக்காமல் புதுக்கரை நிற்காது என்ற பேச்சு கம்பம் முழுக்க உண்டு.

"தோண்டுங்கடா! மையத்த எடுத்து முறையா அடக்கம் பண்ணணும்!" என்று கத்தினான் கூட்டத்தில் ஒருவன்.

மண்வெட்டிகள் உயர்ந்தன.

"நிறுத்துங்க!" என்றார் சீனி முகம்மது. "சாயங்காலம் கடல் ஏறும். மானமும் கறுத்துக் கெடக்கு, மழை வரும். கரைய ஒடச்சா மொதல்ல போறது என் வீடு."

"மையத்த விட ஒங்க வீடு பெருசா மாமு?"

"பெருசு இல்ல. எனக்கு மிச்சம் அது ஒண்ணுதான்."

போன வெள்ளம் அவர் மனைவியைக் கொண்டுபோனது. அதற்கப்புறம் அவருக்கு அழுகையும் வரவில்லை... பயமும் வரவில்லை.

"சரிம்மா. எங்க பொதச்சாங்க?"

"இங்க..." ஹபீபா பீவி கைகாட்டினாள். "அங்கயும் பாருங்க... அந்த வளைவுலயும்... பாலம் வரைக்கும் தோண்டுங்க!"

"ஏம்மா... ஒன் புருஷன் ஒரு ஆளுதானே? எத்தன எடத்துல படுத்திருக்கான்?"



சீனி முகம்மது பக்கத்தில் நின்றவனின் மண்வெட்டியைப் பிடுங்கி ஒரு போடு போட்டார்.

தேங்காய் மட்டை வந்தது!

இன்னொரு போடு. தென்னை ஓலை... மறுபடியும் மட்டை... மண் வெறும் மேல்பூச்சுதான்!

போலீஸ்காரர் ஷேக் அலாவுதீன் குனிந்து பார்த்தார். "என்ன லா இது? நாளைக்கு இஞ்சினியர் துரை கரையச் சோதிக்க வர்றாரே!"

"அதுக்கு முந்தி நாமளே கரைய ஒடச்சுப் போட்டுட்டா? துரை எதச் சோதிப்பாரு? போயி அவன் வீட்டுல தேடு."

ஹபீபா பீவியின் அழுகை டக்கென்று நின்றது.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஜபருல்லாவை இழுத்து வந்தார்கள். கழுத்தின் மேல் தலை பத்திரம்! தொப்பியில் இருந்தது கோழி ரத்தம். கோழி குழம்பாகி அவன் வயிற்றில் இருந்தது!

"இப்பவே நல்ல மண்ணாப் போட்டுத் தர்றேன் மாமு! சத்தியமா!"

"நான் நின்னு போட வைக்கிறேன் பெரியவரே," என்றார் அலாவுதீன். "இனிமே கரை அசையாம நிக்கும்."

சீனி முகம்மது வீட்டுக்குள் போனார். பாயையும் சட்டியையும் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். மலைப் பக்கம் நடந்தார்.

"எங்க போறீங்க? அதான் நிக்கும்னு சொல்றேன்ல!"

அவர் திரும்பவே இல்லை.

"நிக்கட்டும் லா... மலை மேல ஒக்காந்து பாத்துக்கறேன்!"