நீலக்குட்டி வீட்டுக்குப் போனதா?

பொன்னுராஜ் தோசையைச் சரிபாதியாகப் பிய்த்தான். ஒரு பாதியைத் தின்றான். மறுபாதியை இரண்டு அலுமினியத் தட்டுகளில் பிரித்து வைத்துப் பின்வாசலுக்கு எடுத்துப் போனான்.

“எங்கலே கொண்டு போற?” என்று கேட்டாள் அக்கா செல்லக்கனி.

“நீலக்குட்டிக்கு.”

செல்லக்கனிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இன்றோடு ஐந்து நாள். அவள் ஐந்தாம் வகுப்பு, அவன் ஒன்றாம் வகுப்பு. ஆனாலும் அவனைத் தடுக்க அவளால் முடியவில்லை.

எல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது.

ராஜபாளையத்தில் அவர்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே ஒரு தியேட்டர். ஞாயிறு காலையில் மட்டும் அங்கே இங்கிலீஷ் படம் போடுவார்கள். ஒரே ஒரு காட்சிதான். மறுநாள் அந்தப் படம் ஊரை விட்டே போய்விடும்.

மில்லில் வேலை பார்க்கும் அப்பா பால்பாண்டி, பிள்ளைகள் இருவரையும் கூட்டிப்போனார். பக்கத்து வீட்டுப் பரிபூரணம் பெரியம்மாவும் கூட வந்தாள். ஒருவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. வானத்தில் பறக்கிற வண்டியைப் பார்க்க இங்கிலீஷ் எதற்கு?

அந்த வண்டியில் வேறு ஏதோ ஒரு கிரகத்து ஆட்கள் போனார்கள். அதில் ஒரு குட்டி இருந்தது. உடம்பெல்லாம் சொட்டு நீலம். காது முறம் போல அகலம். முழங்கால், கோழிக்கு மடங்குவது போல முட்டி பின்னால் துருத்த, பின்பக்கமாக மடங்கும். நீலக்குட்டி என்று பேர் வைத்தது பொன்னுராஜ்தான்.

நீலக்குட்டி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. தொப்பென்று பூமியில் விழுந்துவிட்டது. பஸ்ஸில் போகும்போது அப்பா எப்போதும் சொல்வாரே, “தலைய வெளிய நீட்டாத” என்று! அங்கேயும் அதே கதைதான்.

பிறகு ஊரெல்லாம் அதைத் துரத்தியது. கடைசியில் அது ஒரு பெரிய கட்டடத்தின் மொட்டை மாடிக்கு ஏறியது. இடி இடித்தது. மழை கொட்டியது. நனைந்துகொண்டே வானத்தைப் பார்த்து நின்றது.

அந்த இடத்தில் படம் ஒரு நொடி நின்றது. மறுபடி ஓடியது.

ஓடினால், குதிரை!

கோட்டைக் கதவு உடைந்தது. தாடி வைத்த ராஜா ஒருவர் வாளைச் சுழற்றிக்கொண்டு வெளியே வந்தார். மந்திரவாதி ஒருவன் கிணற்றில் விழுந்தான். கல்யாணம் நடந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். விளக்கு எரிந்தது. அவ்வளவுதான்.

“அக்கா, நீலக்குட்டி எங்க?” என்றான் பொன்னுராஜ்.

வீட்டுக்கு நடந்து வரும்போது பரிபூரணம் பெரியம்மா விளக்கம் சொன்னாள். “இடி விழுந்துச்சுல்ல? அதுல சாபம் தீந்துபோச்சு. ராஜாவா மாறிட்டான். எல்லா ஊர்லயும் சாபம் அப்படித்தான் தீரும்.”

“நீங்க என்னப்பா சொல்றீய?” என்று செல்லக்கனி கேட்டாள்.

“நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்தனா, அசந்துட்டேன் தாயி. முழிச்சப்ப குதிரை ஓடுச்சு. நல்ல குதிரை,” என்றார் அப்பா.

பொன்னுராஜ் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “அந்த ராஜாவுக்குக் கால் முன்னாடி மடங்குச்சு. நீலக்குட்டிக்குப் பின்னாடில்ல மடங்கும்? அது வேற ஆளு.”

“அப்ப நீலக்குட்டி வீட்டுக்குப் போயிருக்கும்லே,” என்றாள் செல்லக்கனி.

“நீ பாத்தியா?”

அவள் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. அது போகவில்லை என்றால் இங்கேதானே இருக்கும்? பசிக்குமே! அன்றிலிருந்து பொன்னுராஜின் சாப்பாட்டில் பாதி பின்வாசலுக்குப் போனது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று அக்காவிடம் சத்தியம் வேறு வாங்கிக்கொண்டான்.

தட்டு தினமும் காலியானது. இரண்டாம் நாளே செல்லக்கனி அவனைக் கூட்டிப்போய்க் கதவு இடுக்கு வழியாகக் காட்டினாள். பக்கத்து வீட்டு வெள்ளை நாய் தட்டை நக்கிக்கொண்டிருந்தது.

“பாத்தியா? நாய்தான் திங்கிது.”

பொன்னுராஜின் முகம் வாடியது. “அப்ப நீலக்குட்டி ரெண்டு நாளாப் பட்டினியா?”

மறுநாள் முதல் இரண்டு தட்டு வைத்தான். ஒன்று நாய்க்கு.

இப்படி இருந்தால் என்ன ஆகும்? வெள்ளிக்கிழமை காலை, பள்ளிக்கூடத்தில் பிரேயர் நடக்கும்போது பொன்னுராஜ் மயங்கி விழுந்துவிட்டான்.

பேண்டேஜ் கம்பெனியில் துணி சுற்றிக்கொண்டிருந்த அம்மா ஓடி வந்தாள். அவள் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. அதைக்கூடத் தட்டிவிடாமல் அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். “பிள்ளை காத்தா இருக்கானே!” என்றாள்.

“வயித்துல பூச்சியா இருக்கும். மாத்திரை வாங்கிட்டு வாரேன்,” என்றார் அப்பா.

சத்தியம் செய்திருந்ததால் செல்லக்கனி உண்மையைச் சொல்லவில்லை. பூச்சி இல்லை என்று அவளுக்குத் தெரியும். நீலக்குட்டி வீட்டுக்குப் போனதா இல்லையா என்று தெரியாவிட்டால் தம்பி சாப்பிட மாட்டான். அதைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

படுத்துக்கொண்டு யோசித்தாள். ராஜா வந்தார், குதிரை வந்தது, கல்யாணம் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஒருத்தர்கூட நீலக்குட்டியைத் தேடவே இல்லையே? பூனைக்குட்டி காணாமல் போனாலே இந்தத் தெரு முழுக்கத் தேடுகிறது!

தேடாததற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். அந்த ராஜாவுக்கு நீலக்குட்டி யாரென்றே தெரியாது.

சனிக்கிழமை காலை அவள் தியேட்டருக்குப் போனாள். படம் ஓட்டுகிற ஆபரேட்டர் காசிராஜன், வாசல் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, போன வாரப் படத்துல நடுவுல ஏன் குதிரை வந்துச்சு?”

காசிராஜனுக்குப் புரை ஏறியது. அக்கம் பக்கம் பார்த்தார். “யாரு பிள்ளை நீ? யாரு உன்ன அனுப்புனா?”

“யாரும் அனுப்பல. அது வேற படந்தானே?”

அவர் டீ கிளாசைக் கீழே வைத்தார். “எம்புட்டுப் பேரு பாத்தாக! ஒரு ஆளு கேக்கல. நீ வந்து கேக்குறியே! ஆமா தாயி. கடைசி ரீல் டப்பா மாறிப்போச்சு. குதிரையப் பாத்ததும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. பாதியில நிறுத்துனா பெஞ்சை உடைப்பாங்க. சரி ஓடட்டும்னு விட்டேன். அம்புட்டுப் பேரும் கை தட்டிட்டுப் போனாங்க.”

“அப்ப நம்ம டப்பா எங்க இருந்துச்சு?”

“அது... எங்கயாச்சும் இருக்கும்.”

“ராஜா படம் அன்னைக்கு எந்த ஊர்ல ஓடுச்சு, அண்ணாச்சி?”

காசிராஜன் தாடையைச் சொறிந்தார். மதுரையிலிருந்து படச்சுருள் டப்பாக்கள் ஒரே பஸ்ஸில்தான் வரும். முதலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர்களுடையதை இறக்குவார்கள். மீதி இங்கே வரும். “ஸ்ரீவில்லிபுத்தூர்ல,” என்றார் மெதுவாக. “அவிய டப்பா நம்மகிட்ட வந்துச்சுன்னா, நம்ம டப்பா...”

“அங்க போயிருக்கும்!” என்று செல்லக்கனி துள்ளினாள்.

“ஏட்டி, மெதுவா! எங்க முதலாளி காதுல விழுந்தா என் வேலை போயிரும். இந்த ஊர்ல யார்ட்டயும் சொல்லிராத.”

“ஸ்ரீவில்லிபுத்தூர்ல சொல்லலாமா?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அங்க தாராளமாச் சொல்லு.”

ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் மலைச்சாமி மாமா இருந்தார். அம்மாவின் தம்பி. பட்டாளத்துக்காரர். லீவில் வந்தால் ஒரு படத்தையும் விட மாட்டார். வருகிற செவ்வாய்க்கிழமை லீவு முடிந்து அவர் ரயிலேற வேண்டும். அதற்குள் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று அம்மாவும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் பிள்ளைகள் இருவரும் பஸ் ஏறினார்கள். பொன்னுராஜ் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தான். ஆனால் வழி முழுக்கத் தலையை வெளியே நீட்டவே இல்லை.

மாமா பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். பெரிய மீசை. பெரிய குரல். “வாக்கா! வாங்க மருமக்களே!” என்று எழுந்தார். அம்மா அத்தையோடு அடுப்படிக்குப் போனாள்.

செல்லக்கனி சுற்றி வளைக்கவில்லை. “மாமா, போன ஞாயித்துக்கிழமை ராஜா படம் பாத்தீங்களா?”

மாமாவின் கை நின்றது. “பாத்தேன். ஏன் கேக்க?”

“கடைசியில என்ன வந்துச்சு?”

மாமா அடுப்படிப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “சொன்னா சிரிக்கக் கூடாது. உங்க அத்தைகிட்ட சொன்னேன், காய்ச்சலான்னு நெத்தியத் தொட்டுப் பாக்கா. மந்திரவாதி ராஜாவைக் கோட்டைக்குள்ள போட்டுப் பூட்டிட்டான். ராஜா கதவைப் போட்டு இடிக்காரு. திடீர்னு பாத்தா, மழை பெய்யிது. ஒரு மொட்டை மாடி. அதுல...”

“அதுல?” என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

“நீலமா ஒண்ணு நிக்கி. காதுன்னா காது, அம்புட்டுப் பெரிய காது!”

பொன்னுராஜ் மாமாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். “பொறவு?”

“மேல இருந்து ஒரு வண்டி இறங்குச்சு. தோசைக்கல்லு மாதிரி வட்டமா. கதவு திறந்துச்சு. உள்ள இருந்து பெரிய நீலம் ஒண்ணு இறங்கி ஓடி வந்துச்சு. அம்மா போலருக்கு. வந்ததும் என்ன செஞ்சுச்சு தெரியுமா? ஒரு துணிய எடுத்து, சின்னதோட தலையத் துவட்டுச்சு. காதுக்குள்ள எல்லாம் துவட்டுச்சு. பொறவு தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு வண்டில ஏறிருச்சு. வண்டி போயிருச்சு.”

பொன்னுராஜ் கண்ணைச் சுருக்கினான். அவன் லேசில் நம்புகிற ஆள் இல்லை. “கால் எப்படி மடங்குச்சு?”

“அதை ஏன் கேக்க!” மாமா எழுந்து நின்றார். இரண்டு கையையும் இடுப்பில் வைத்தார். முழங்காலைப் பின்பக்கமாக மடக்கப் பார்த்தார். முடியவில்லை. கோழி மாதிரி வெடுக் வெடுக்கென்று அறையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். “இந்தா, இப்படி!”

“நீங்க பாத்தீங்களா, மாமா?”

“ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்.”

பொன்னுராஜ் ஒரு பெருமூச்சு விட்டான். ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்த மூச்சு அது.

செல்லக்கனி டப்பா மாறின கதையைச் சொன்னாள். மாமா தொடையில் தட்டிக்கொண்டார். பிறகு சட்டென்று தரையில் உட்கார்ந்து, பொன்னுராஜின் முகத்துக்கு நேராக முகத்தை வைத்தார்.

“மருமவனே, அப்ப நீங்க ராஜாவைப் பாத்தீங்களா? அவரு என்ன ஆனாரு? செவ்வாய்க்கிழமை நான் போயிருவேன்டா. மலையில ஒத்தையில நிக்கணும். அங்க நின்னுக்கிட்டு இதையேதான் நெனப்பேன்.”

“வெளிய வந்துட்டாரு மாமா,” என்றான் பொன்னுராஜ்.

“கதவு?”

“உடைஞ்சிருச்சு. மந்திரவாதி கிணத்துல விழுந்துட்டான். ராஜாவுக்குக் கல்யாணம்கூட ஆயிருச்சு. நீங்க கவலைப்படாதீங்க.”

மாமா மீசையைத் தடவினார். “நீ பாத்தியா?”

“ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்.”

மாமாவும் ஒரு பெருமூச்சு விட்டார்.

அடுப்படியிலிருந்து அத்தை எட்டிப் பார்த்தாள். “சாப்பிட வாரீயளா, இல்ல மாமனும் மருமவனும் கோழி நடைதான் நடக்கப் போறீயளா?”

அன்று பொன்னுராஜ் நான்கு தோசை சாப்பிட்டான். முழுசாக நான்கு. அம்மா ஒவ்வொரு தோசைக்கும் அவன் முகத்தையே பார்த்தாள். “மாத்திரை நல்ல மாத்திரைதான்,” என்றாள். செல்லக்கனி சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தாள்.

திங்கட்கிழமை காலை பின்வாசலில் வெள்ளை நாய் வந்து உட்கார்ந்திருந்தது. பொன்னுராஜ் காலித் தட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினான்.

“நீலக்குட்டி அதோட வீட்டுக்குப் போயிருச்சு. நீயும் உன் வீட்டுக்குப் போ.”

நாய் போகவில்லை. வாலை ஆட்டியது. அவன் கையிலிருந்த தோசையின் ஓரத்தைக் கொஞ்சமாகப் பிய்த்துப் போட்டான். மீதித் தோசை முழுவதையும் அவனே தின்றான்.