சுவரில் சின்னக் கைகள்

பிளாஸ்டர் கை ஆறவே இல்லை.

கரைத்து ஊற்றிய பிளாஸ்டர் இறுகும்போது நன்றாகச் சூடேறும், அப்புறம் தானாக ஆறிப்போகும். சிற்பப் பிரிவு டீச்சரான அவள் கல்லூரியில் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுப்பது அதைத்தான். ஆனால் முந்தாநாள் ஊற்றிய கை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், தூங்கி எழுந்த குழந்தையின் கை மாதிரியே இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று ஜன்னலைப் பார்த்தால், வெளியே விடாத மழை. சரி, ஈரப்பதம், வேறென்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையை மேஜைமேல் வைத்தாள்.

அது அவளுடைய மகளின் கை. இரண்டாம் வகுப்புப் படிக்கிறவள், ஒரு இடத்தில் நிற்கமாட்டாள், அதனால் வீட்டில் அவள் பெயர் வாலு.

வருஷாந்திரக் கண்காட்சியில் 'ஊர்க் கைகள்' என்று ஒரு சுவர் வைப்பது டீச்சரின் யோசனை. ஊர் ஜனங்களைக் கூப்பிட்டு, அவர்கள் கையை அச்செடுத்து, பிளாஸ்டரில் வார்த்துச் சுவர் முழுக்க மாட்ட வேண்டியது. வருகிறவர்கள் அந்தக் கைகளைப் பிடித்துக் குலுக்கலாம். கல்லூரி முதல்வர் ஆஹா ஓஹோ என்றார். மழை மட்டும் ஒத்துழைக்கவில்லை. அச்செடுக்கும் நாளில் வந்தவர்களே கொஞ்சம், அதிலும் பாதிப் பேர் பயந்துகொண்டு நின்றார்கள். பயத்தைத் தெளியவைக்கத்தான் அவள் வாலுவைக் கூப்பிட்டு, பல் டாக்டர்கள் அச்செடுக்கிற அந்த மாவைக் கரைத்து, எல்லார் எதிரிலும் அவள் கையை முக்கவைத்தாள். சில்லென்று இருக்கிறது என்று வாலு சிரித்தாள்.

அந்த மாவு ஒரு தடவைக்குத்தான். பிளாஸ்டர் இறுகியதும் அச்சைக் கிழித்துத்தான் கையை எடுக்க முடியும். வாலுவின் அச்சு கிழியவில்லை. உள்ளேயிருந்து யாரோ தள்ளிவிட்டதுபோல் கை வழுக்கிக்கொண்டு தானாக வெளியே வந்தது. மறுநாள் அந்த அச்சு வற்றிச் சுருங்கியிருக்க வேண்டும், சுருங்கவுமில்லை. சுவரிலோ பாதிக்குமேல் வெறும் ஆணிகள். பார்த்தாள், யோசித்தாள், அதே அச்சில் இன்னொரு கை ஊற்றினாள். அப்புறம் இன்னொன்று.

ஊர்க் கை என்று பேர் வைத்துவிட்டு வீட்டுக் கையையே மாட்டுகிறீர்களே அக்கா என்று ஓவியப் பிரிவு டீச்சர் கிண்டலடித்தாள். அவளுக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. கொஞ்சம் திருப்பி மாட்டினால் எவனுக்குத் தெரியப்போகிறது என்று இவளும் சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியது அந்த வாரக் கடைசியில். ஒரே அச்சில் திரும்பத் திரும்ப ஊற்றினால் ரேகையெல்லாம் மழுங்கிக்கொண்டே வரவேண்டும். இங்கே தலைகீழ். ஒவ்வொரு கையும் முந்தியதைவிடத் துல்லியமாக இருந்தது. நகக்கண்ணில் ஒட்டிய கிரேயான் அழுக்கு வரைக்கும் தெரிந்தது. எல்லாமே வெதுவெதுப்பாக இருந்தன.

வீட்டில் வாலு ஸ்பூனைக் கீழே போட்டாள். பள்ளிக்கூடத்தில் பென்சில் நிற்கவில்லையாம். கை மரத்துப்போகிறது என்றாள். டாக்டர் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, சத்துக் குறைவு என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார். ராத்திரி வாலுவின் சில்லிட்ட கையைச் சூடுபறக்கத் தேய்த்துக்கொண்டிருந்தவள், விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். ரேகைகள் மங்கலாக இருந்தன. அழித்தும் அழியாத பென்சில் கோடு மாதிரி. அந்தக் கையைத் தன் கன்னத்தோடு அழுத்திக்கொண்டாள்.

இருந்தும் மறுநாள் ஊற்றினாள். அதை என்னவென்று சொல்வது. கடைசி வரிசையில் ஒரே ஒரு ஆணிதான் பாக்கி, சாயங்காலம் திறப்பு விழா, முதல்வர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். இதுதான் கடைசி என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள்.

சாயங்காலம் கூடத்தில் புதுப் பெயின்ட் வாசனையும் நனைந்த குடைகளின் வாசனையும் கலந்து அடித்தது. மைக் கொய்ங்கென்றது. பக்கத்து வீட்டு அக்காள் வாலுவைக் கொண்டுவந்து விட்டுப் போனாள். கூட்டம் தாயையும் மகளையும் நெருக்கி முன்னால் தள்ள, சிறப்பு விருந்தினர் சுவரருகே போய் ஒரு சின்னக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அடேயப்பா, என் கையை விடமாட்டேங்குதே" என்றார்.

எல்லாரும் கைதட்டினார்கள். அவர் தன் விரலை இழுத்து எடுத்ததை அவள் மட்டும் பார்த்தாள். இழுக்கத்தான் வேண்டியிருந்தது. விரலில் சிவப்பாகத் தடம்.

வரிசை நகர்ந்தது. ஆளுக்கொரு கையைப் பிடித்தார்கள், குலுக்கினார்கள், தடவினார்கள். நிஜக் கை மாதிரியே இருக்கு பாரேன் என்று யாரோ சொன்னார்கள். எல்லாவற்றையும் கழற்றிவிடவேண்டும், இப்போதே, இந்த நிமிஷமே. கால் நகரவில்லை.

"அம்மா."

குனிந்து பார்த்தாள்.

"யாரோ என் கையப் பிடிச்சு இழுக்கிறாங்கம்மா. நிறையப் பேரு."

யாரும் அவளைத் தொடவில்லை. வாலுவின் கை தன்பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை வெடுக்கென்று பற்றினாள். சில்லென்று இருந்தது. சொரசொரப்பாக இருந்தது. உள்ளங்கையைத் திருப்பினாள். ஒரு கோடு இல்லை. விரல் நுனியில் நகம் இல்லை. தன் வளையலில் அது இடித்தது. டொக்.

அவள் விரல்களில் வெள்ளைத் தூள்.

சட்டைக் கையை மேலே தள்ளினாள். மணிக்கட்டு வெள்ளை. முழங்கை வெள்ளை. அதற்கும் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"வாலு. என்னைப் பாரு. அம்மாவப் பாரு."

வாலு அவளைப் பார்க்கவில்லை. கண் கொட்டாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைதட்டல் நின்றிருந்தது. மைக் மட்டும் இரைந்தது. யாரோ ஒரு பெண் வீலென்று கத்தினாள்.

டீச்சர் நிமிர்ந்தாள்.

சுவரிலிருந்த சின்னக் கைகள் அத்தனையும் அவள் பக்கம் திரும்பியிருந்தன. தூக்கச் சொல்லிக் குழந்தைகள் நீட்டுவார்களே, அப்படி நீட்டிக்கொண்டு, விரல்களை விரித்து விரித்து மூடின. ரோஜா நிறம். உயிருள்ள நிறம்.

அவள் பிடித்திருந்த கை மட்டும் அசையவில்லை.