இருநூறு வரைக்கும் இழுக்காதீங்க

"அதை வாங்காதீங்க!"

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த லென்ஸை ஐலி இன்னும் தொடக்கூட இல்லை. அதற்குள் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்...

திரும்பினாள். ஆறடியைத் தாண்டியும் வளர்ச்சியை நிறுத்த மனசில்லாத ஒருவன் நின்றுகொண்டிருந்தான். தலையிலிருந்து மழை சொட்டியது. ஏரிக்கரைத் துறைமுக ஊரான டுலூத்தில் நவம்பர் மழை மேலிருந்து விழுகிற மழையா என்ன? ஏரிப் பக்கமிருந்து குறுக்கே வந்து, ஒரு காதில் நுழைந்து, மறு காதில் வெளியே போகிற மழை! அத்தனையையும் தலையில் வாங்கிக்கொண்டு வந்து, முன்பின் தெரியாத பெண்ணுக்குப் புத்தி சொல்கிறானே...

"ஏன் வாங்கக் கூடாதாம்?" என்றாள்.

அவன் வாய் திறந்தபடியே நின்றான். ஐலிக்குக் காரணம் புரியவில்லை. அவள் பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்கிறவள். ஓடி வந்த அவசரத்தில் முகக்கவசத்தைக் கழற்ற மறந்துவிட்டிருந்தாள். ஆக, அவன் பார்த்தது இரண்டு கண்களை மட்டும்தான். விடிகாலை ஏரி மாதிரி சாம்பலும் நீலமுமாக இரண்டு கண்கள்... ஒரு கப்பலையே ஓசைப்படாமல் விழுங்கிவிடக் கூடிய கண்கள்...

"என்ன, வாய் திறந்தே இருக்கு? கடைவாய்ப் பல்லு ரெண்டு சுத்தம் பண்ண வேண்டியிருக்கு" என்றாள்.

அவன் சட்டென்று வாயை மூடினான். "இல்ல... அது பதினெட்டு மில்லிமீட்டர்ல ஆரம்பிச்சு இருநூறு வரைக்கும் போற லென்ஸ். எல்லா வேலையும் செய்யும், ஒண்ணையும் உருப்படியா செய்யாது. ஓரமெல்லாம் மங்கும். கேமராவைக் கீழே சாய்ச்சா மூக்கு தானா நீளும்."

"உங்க மூக்கை விடவா? அடுத்தவங்க விஷயத்துல இவ்வளவு தூரம் வந்து நிக்குதே."

கல்லாவில் உட்கார்ந்திருந்த கிளாரிஸ் சிரித்த சிரிப்பில், அலமாரியிலிருந்த பழைய கேமராக்கள் எல்லாம் ஒரு தடவை கண்ணைச் சிமிட்டின. அந்தக் கடைக்குச் சொந்தக்காரி. ஊரில் கேமரா வைத்திருக்கிற அத்தனை பேரையும் திட்டுவதற்கு உரிமை பெற்றவள்.

"ஏண்டா எமில், இதை வித்துக் குடுங்கன்னு நீயே கொண்டாந்து வெச்ச லென்ஸ் அது! வாங்க வந்த பொண்ணை நீயே விரட்டுறியே. உன்னை மாதிரி ஒரு வியாபாரி இருந்தா நான் கடையை மூடிட்டு மீன் பிடிக்கப் போயிட வேண்டியதுதான்."

"உங்களுதா இது?" ஐலியின் புருவம் ஏறியது.

எமிலின் காது இரண்டும் சிவந்தன. "உள்ளதைச் சொன்னேன். அது தப்பா?"

தப்பில்லைதான்... ஆனாலும் ஐலிக்கு எரிச்சலாக வந்தது. அவளுக்கு வேண்டியதோ ஒரே ஒரு லென்ஸ். கேமரா பழையது, அதோடு வந்த சின்ன லென்ஸில் ஏரிக்குள் தூரத்தில் வரும் கப்பல், தட்டில் விழுந்த மிளகு மாதிரி தெரிந்தது.

"இந்தச் சனிக்கிழமை 'ஹெலன் டார்வுட்' கப்பல் வருது" என்றாள் கிளாரிஸிடம். "அதுல எங்க அப்பாதான் சமையல்காரர். ஆர்வோன்னு பேரு. இதுதான் அவருக்குக் கடைசிப் பயணம். என் வயசு அளவுக்கு அந்தக் கப்பல்ல இருந்திருக்காரு... கப்பலோட சேர்ந்து அவருக்கு ஒரு படம் கிடையாது. துறைமுகத்துக்குள்ள வரும்போதெல்லாம் அடுப்படியிலதான் நிப்பாரு. இந்தத் தடவை மட்டும் மேல வந்து நிக்கச் சொல்லியிருக்காரு கேப்டன். தூரத்துல கப்பலும் வேணும், கிட்ட வந்ததும் அப்பா முகமும் வேணும். இன்னொரு தடவை கிடைக்காது."

"அதுக்கு ரெண்டு லென்ஸ் வேணும்" என்று எமில் குறுக்கே வந்தான். "தூரத்துக்கு ஒண்ணு, கிட்டத்துக்கு ஒண்ணு. அதோ, மேல் தட்டுல இருக்கு பாருங்க."

ஐலி மேல் தட்டைப் பார்த்தாள். விலைச் சீட்டைப் பார்த்தாள். ஊரார் பல்லையெல்லாம் பார்த்தவளுக்கு அந்த நொடியில் தனக்கே பல்வலி வந்துவிட்டது.

"காரை வித்தாத்தான் முடியும். அப்புறம் கப்பலைப் பாக்க நீச்சல் அடிச்சுப் போகணும்."

"இவன் என்ன வேலை பாக்குறான்னு கேளு பொண்ணே" என்றாள் கிளாரிஸ். "மூக்குக் கண்ணாடிக் கடையில! தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடி போதும், ரெண்டு எதுக்குன்னு எனக்கே ஒண்ணு வித்தான்."

ஐலி மெல்லச் சிரித்தாள். "அப்படியா... வயசானவங்களுக்கு ஒரு நியாயம், கப்பலுக்கு ஒரு நியாயமா?"

எமில் தன் ஷூவைப் பார்த்தான். கிளாரிஸ் விடுவதாக இல்லை. சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினாள். மூடுபனிக்குள் பாதி மறைந்த கப்பல். முன்னால் கல்சுவரில் ஒற்றைக் காலில் நிற்கும் கடற்காகம். கடைக்குள் நுழைந்ததுமே ஐலி அந்தப் படத்தின் முன்னால்தான் மூச்சுவிட மறந்து நின்றாள்.

"அதை எடுத்தவன் இவன். எடுத்தது இந்த லென்ஸ். போட்டோ கிளப்புல நாலு பேரு 'சுற்றுலாக்காரன் லென்ஸ்'னு சிரிச்சுட்டாங்களாம். அன்னையிலேருந்து தொரை பீரங்கி மாதிரி ரெண்டு லென்ஸைத் தூக்கிக்கிட்டு அலையுறாரு."

ஐலி லென்ஸைக் கையில் எடுத்தாள். அதன் நடுவில் அகலமான நீல ரப்பர் பட்டை ஒன்று மாட்டியிருந்தது.

"அது... மூக்கு தானா இறங்காம இருக்க நான் போட்டது" என்றான் எமில், மெதுவாக. "மழை நாள்ல நல்லாப் பிடிச்சுக்கும். அப்புறம்... இருநூறு வரைக்கும் இழுக்காதீங்க. நூத்தம்பதுல நிறுத்திடுங்க. அதுக்கு மேல போனா மங்கும். வாங்குறதுன்னா வாங்கிக்குங்க... அதுக்கு முடியாததெல்லாம் சொல்லிட்டேன்."

கையைக் கடிக்காத விலைதான். வாங்கினாள். வாசலில் நின்று முகக்கவசத்தை இறக்கி, "நன்றி" என்றாள். கன்னத்தில் குழி ஒன்று விழுந்தது. எமில் எந்தப் பக்கம் கதவு என்பதையே மறந்து, அலமாரியைத் திறந்து வெளியே போகப் பார்த்ததாக கிளாரிஸ் இன்றைக்கும் சத்தியம் செய்கிறாள்.

ஆனால், வீட்டுக்குப் போகும் வழியில் ஐலியின் மனசு முறுக்கிக்கொண்டது. தன் கையில் இருந்தால் அவனுக்கு வெட்கம்... என் கையில் இருந்தால் பரவாயில்லையா? நாலு பேர் சிரித்ததற்காக, அப்படி ஒரு படம் எடுத்துக் கொடுத்த லென்ஸைத் தள்ளிவிடுகிறவன், நாளைக்கு எதைத்தான் தள்ளமாட்டான்?

சனிக்கிழமை. கப்பல்கள் துறைமுகத்துக்குள் நுழையும் கால்வாய்க் கரையின் நீளக் கல்சுவரில் ஊரே வரிசையாக நின்றது. தூறல்... காற்று... கிளப்புக்காரர்கள் கேமராக்களை முக்காலிகளில் ஏற்றி, யுத்தத்துக்கு வந்தவர்கள் மாதிரி ஏரியைக் குறிபார்த்தார்கள். அவர்களுக்கு நடுவில் எமில், தோளில் தன் பீரங்கியோடு.

அவளைப் பார்த்ததும் ஓடி வந்தான். கையில் கறுப்பு வளையம் ஒன்று. "இந்த லென்ஸோட குடை. குடுக்க மறந்துட்டேன். மாட்டிக்கிட்டா தண்ணி படாது."

"வேண்டாம். உங்க கிளப்பு ஆளுங்க பாத்துடப் போறாங்க."

அவன் முகம் வாடியது. வளையத்தை அவளுக்குப் பக்கத்தில் சுவரில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தான். கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டோமோ... ஐலி வளையத்தைப் பார்த்தாள். பிறகு, அவன் பார்க்காத நேரமாக, எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"வருது!"

கப்பல் என்றால் சும்மா கப்பலா? ஆயிரம் அடி! முன்பக்கம் துறைமுகத்துக்கு வந்த பிறகும் பின்பக்கம் கனடாவில் இருக்கும் போல. ஐலி நூற்றைம்பதில் நிறுத்தி எடுத்தாள்... பனிப்படலத்தைக் கிழித்துக்கொண்டு சிவப்பாக ஒரு மூக்கு. அருமையான படம். கப்பல் கால்வாய்க்குள் நுழைந்தது. சரசரவென்று வளர்ந்தது. கை நீட்டினால் தொட்டுவிடலாம் என்கிற மாதிரி, இரும்புச் சுவராக எதிரே ஊர்ந்தது.

அங்கேதான் கிளப்பின் வீரமெல்லாம் கவிழ்ந்தது. தூரத்து லென்ஸில் இப்போது கப்பலே இல்லை. ஒரே ஒரு ஆணி இருந்தது, துருவோடு! எல்லோரும் அவசர அவசரமாக லென்ஸ் மாற்றக் குனிந்தார்கள். மூடிகள் காற்றில் பறந்தன. ஒன்றைக் கடற்காகம் கொத்திக்கொண்டு போயிற்று.

சமையலறை இருப்பது கப்பலின் பின்கோடியில். ஐலி காத்திருந்தாள். இரும்பு, இரும்பு, இன்னும் இரும்பு... கடைசியில் வெள்ளைக் கட்டடம். கம்பிப் பிடியோரம், வெள்ளை உடையில், தலைக்கு மேல் பெரிய சூப் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி...

"ஐலிக்குட்டீ...!"

அந்த நிமிடம் கப்பல் ஊதியது. மூன்று நீளம், இரண்டு குட்டை. ஆர்வோவுக்காக கேப்டன் வைத்த வணக்கம். கப்பலுக்கு வழிவிட்டு மேலே தூக்கி நின்ற கால்வாய்ப் பாலமும் பதிலுக்கு ஊதியது. ஐலியின் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. கண் நிறைந்து வழிந்தது. கேமராவில் எதுவும் தெரியவில்லை... ஐயோ, போகிறாரே... போகிறாரே...

"என்கிட்ட குடுங்க!"

எமில். லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருந்தான். அவனுடைய விலையுயர்ந்த லென்ஸ், மூடியில்லாமல், தூறலைக் குடித்துக்கொண்டு சுவரில் கிடந்தது.

"நீங்க அப்பாவைப் பாருங்க. கையை ஆட்டுங்க. ஓடுங்க அவரு கூட! படம் என் பொறுப்பு."

ஐலி ஓடினாள். கல்சுவரோரம், கப்பலுக்கு இணையாக, "அப்பா! அப்பா!" என்று கத்திக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு, அழுதுகொண்டு... பாலத்தடி வரைக்கும் ஓடினாள். கப்பல் உள்ளே போய்விட்டது. திரும்பி நின்று மூச்சு வாங்கினாள். ஈரக் கூந்தல் முகத்தில் ஒட்டியிருந்தது.

தூரத்திலிருந்து எமில் நடந்து வந்தான். வழியில் ஒரு கிளப்புக்காரர், கையில் ஆணிப் படத்தோடு மறித்தார்.

"எமில், உனக்குக் கிடைச்சுதா? எதுல எடுத்தே?"

எமில் ஒரு நொடி நின்றான். ஐலி காதைத் தீட்டிக்கொண்டாள்.

"பதினெட்டு - இருநூறு" என்றான் எமில், பாலத்துக்கே கேட்கிற மாதிரி. "அதேதான்! நீங்க சிரிச்ச அதே லென்ஸ். என்னை விட நல்ல கையில இப்ப இருக்கு."

ஐலியின் மனசு முறுக்கவிழ்ந்தது. பக்கத்தில் வந்து கேமராவை நீட்டினான். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். அப்பா, கரண்டி, ஒவ்வொரு பல்லும் தெரிகிற சிரிப்பு... அடுத்தது அகலமாக: மேலே கம்பியோரம் அப்பா, கீழே கரையில் ஓடும் மகள், இருவர் கையும் ஒரே உயரத்தில்... ஒரே படத்துக்குள்!

கடைசியாக ஒன்று. கப்பல் இல்லை. அப்பா இல்லை. பாலத்தடியில் திரும்பி நிற்கும் அவள் முகம் மட்டும். ஈரமுடி, கண்ணீர், சிரிப்பு...

"அதை அழிச்சிடுங்க" என்றான் அவசரமாக. "மங்கலா இருக்கு."

"ஏன் மங்கலா இருக்கு?"

"இருநூறு வரைக்கும் இழுத்துட்டேன்."

"இழுக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு?"

"நான்தான்..." காது மறுபடி சிவந்தது. "நீங்க ஓடிக்கிட்டே இருந்தீங்க. இழுத்துக்கிட்டே வந்தேன். ஒரு கட்டத்துல லென்ஸ் முடிஞ்சிடுச்சு. அதுக்கு மேல கிட்ட பாக்கணும்னா நான்தான் நடந்து வரணும்." நிறுத்தினான். "அதான் வந்துட்டேன். அன்னைக்குக் கடையில கண்ணை மட்டும் பாத்த நேரத்துலயே வந்திருக்கணும்..."

தூறல் நின்றதா, நிற்கவில்லையா, இரண்டு பேருக்கும் தெரியாது.

"சுவருல உங்க லென்ஸ் நனையுது" என்றாள் ஐலி.

"நனையட்டும்."

"அப்பா இறங்கினதும் ஏலக்காய் ரொட்டி குடுப்பாரு. படம் எடுத்தவனைக் கூட்டிட்டு வான்னுதான் முதல்ல சொல்லுவாரு. வேற வழியில்ல, நீங்க வரணும்..."

நீல ரப்பர் பட்டையைப் பிடித்து லென்ஸைத் திருப்பினாள். இருநூறிலிருந்து நூறு, ஐம்பது... பதினெட்டு வரைக்கும். கேமராவைத் தங்கள் பக்கமாகத் திருப்பி, கையை நீட்டிப் பிடித்தாள்.

"இன்னும் கிட்ட வா" என்றாள். "ரெண்டு பேரும் படத்துல விழணும்."