செவ்வாய்க்கிழமை எண்ணிய ஏழு தாள்

“செல்லரிச்சுப் போயிடுத்தும்மா. இல்லாத காகிதத்துக்கு எப்படி நகல் கொடுக்கறது?”

“எப்போ அரிச்சுது?”

“ஐம்பத்திரண்டு மழையில. சுப்பிரமணி இங்க குமாஸ்தாவா இருந்தப்ப. அந்த ரிக்கார்டுக் கட்டையே கொளுத்திட்டாராம்.”

“நீங்க பாக்கல.”

“நான் வந்தது ஐம்பத்துநாலுல. அந்தக் கட்டை நான் கண்ணால கண்டதில்லை.”

1956, ஒரு வியாழக்கிழமை, காலை 11.10. செங்கல்பட்டில், கடலோர ஊர்களின் வழக்குகளைக் கேட்கும் சிறிய முன்சீப் கோர்ட். கேட்டவள் ஷஹர்பானு, சதுரங்கப்பட்டினத்தில் துணிக்கடை நடத்துபவள். பதில் சொன்னவர் ரிக்கார்டு குமாஸ்தா உப்பிலி. அவள் வீட்டைத் தன்னுடையது என்று துரை என்பவன் போட்ட அப்பீல் மறுநாள் சென்னைப் பட்டணத்தில் விசாரணைக்கு வருகிறது. 1931-இல் இதே கோர்ட் அவள் தகப்பனார் பக்கம் சொன்ன தீர்ப்பின் நகல் இல்லாவிட்டால் வீடு போய்விடும்.

“திங்கக்கெழம மனு கொடுத்தேன். மறுநாளு என் பேருக்கு நேரா, நகல் எழுத ஏழு ஸ்டாம்புத் தாள் கட்டச் சொல்லி போர்டுல எழுதியிருந்தீங்க. கட்டிட்டேன். நகல் மனுவெல்லாம் பதியற உங்க புஸ்தகத்த காட்டுங்க சார். அது பொது ரிக்கார்டு.”

“பொது ரிக்கார்டுங்கற சட்டமெல்லாம் தாலுகா ஆபீஸுக்கு. கோர்ட் குமாஸ்தா எழுதற புஸ்தகம் வெளியாளுக்கு இல்லை. நீங்க துணி கிழிக்கறதோட நில்லுங்கோ.”

“துணியையும் அளந்துதான் சார் கிழிப்பேன்.”

சொன்னவள் சட்டென்று நின்றாள். திரும்பி அறிவிப்புப் பலகையின் முன்னால் போய், தன் பெயருக்கு நேரே எழுதியிருந்த ஏழை மறுபடி படித்தாள்.

பிற்பகல் 3.40. முன்சீப் வெங்கடராகவனின் அறை.

“குமாஸ்தா எழுதற புஸ்தகம் பொது ரிக்கார்டா, இல்லீங்களா ஐயா?”

முன்சீப் சாட்சியச் சட்டத்தைப் புரட்டினார். “நீதித்துறை அதிகாரிகளின் நடவடிக்கையும் இதில் அடக்கம். குமாஸ்தாவை மட்டும் விட்டுவைக்கவில்லை. உப்பிலி, புஸ்தகத்தைக் கொண்டு வாரும்.”

புஸ்தகத்தில் அவள் மனுவுக்கு நேரே இருந்தது: செவ்வாய், காலை 10.45. ஏழு தாள். கீழே உப்பிலியின் கையெழுத்து.

“ஏழுன்னு எப்படி சார் தெரிஞ்சுது?” என்றாள் ஷஹர்பானு.

உப்பிலி புஸ்தகத்தை மூடப் போனார். அவள் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

“தீர்ப்ப கையில வச்சுகினு பக்கத்த எண்ணினாத்தான் எத்தினி தாளுன்னு போர்டுல எழுத முடியும். நாலு வருசத்துக்கு முன்ன எரிஞ்சத இன்னாத்த எண்ணுவாங்க? செவ்வாக்கெழம காலீல அது உங்க கையில இருந்துது. போர்டுல என் பேர துரையும் படிச்சுட்டான். வந்து உங்களப் பாத்தான். அப்புறந்தான் கரையான் வந்துது. எடுத்தது நீங்கதான்.”

“தீர்ப்பு எங்கே?” என்றார் முன்சீப்.

“துரை கொண்டு போயிட்டான்.” உப்பிலியின் குரல் மேசையைத் தாண்டவில்லை. “இந்நேரம் சாம்பலாயிருக்கும்.”

ஷஹர்பானு அழவில்லை. புதிய மனு ஒன்றை எழுதினாள். புஸ்தகத்தின் அந்தப் பக்கத்துக்கு நகல் வேண்டும். செவ்வாய்க்கிழமை தீர்ப்பு இருந்தது என்று அப்பீல் கோர்ட்டுக்கு அதுவாவது சொல்லட்டும். நகல் எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டதாகக் கையெழுத்திட வேண்டியவர் அந்தக் கோர்ட்டில் ஒருவர்தான்.

அவள் மனுவை முன்சீப்பிடம் நீட்டவில்லை. ஸ்டாம்புத் தாளோடு உப்பிலியின் முன்னால் வைத்தாள்.

“அஞ்சு மணிக்கு பட்டணம் பஸ்ஸு. அதுக்குள்ள எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார்.”