காயாத சட்டை

மகோவா வந்தபோது, வெயில் ஏறத் தொடங்கியிருந்தும் கடல் இன்னும் தூக்கம் கலையாமல் கிடந்தது. இரவெல்லாம் குழாய்களைக் காத்தவன். சொட்டச் சொட்ட ஒரு சட்டையைக் கையில் பிடித்தபடி கடலோர ஆராய்ச்சிப் பூங்காவின் பாதுகாப்பு அதிகாரி நோஹேயாவின் முன் நின்றான்.

தொட்டியில் அபலோன் சிப்பிக் குஞ்சுகள் அத்தனையும் செத்துப்போயின. அவன் ஆழ்கடலிலிருந்து இறைக்கும் குளிர்நீரை மூடியதால் தொட்டி சூடாகிவிட்டது என்பது மேலாளர் தொகுனாகாவின் கணிப்பு. நண்பகலில் வேலைநீக்கக் கடிதம் வரும். வேலை போனால் மைத்துனன் இருக்கும் லாஸ் வேகாஸுக்குத்தான் போக வேண்டும்.

"நான் மூடல ஆன்ட்டி. அந்தப் பாலைவனத்துல போய் மணல்லயா நீந்துறது?"

நோஹேயா சட்டையைப் பற்றித்தான் கேட்டாள். மாலையில் துவைத்து, தொட்டிக்குப் போகும் கலப்புக் குழாயின் மேல் போட்டானாம். தினமும் விடிவதற்குள் காய்ந்துவிடும். இன்று போட்டதைவிட ஈரமாக இருந்தது. மழையும் இல்லை.

உடனிருந்த மின்பணியாளன் பென்டோ முந்திக்கொண்டான். "யாரோ வேணும்னே தண்ணி ஊத்திருக்காங்க. ஆள் பேரு கூடத் தெரியும்."

"என் சோத்துப் பொட்டலம் காணாமப் போனப்பவும் இப்படித்தான் ஒரு பேரைச் சொன்ன" என்று நோஹேயா எழுந்தாள்.

குளிர்நீர்க் குழாய் எப்போதும் வேர்க்கும். அதன் அடியில் புல்கூட முளைத்திருக்கும். குளிர்நீரோடு மேற்கடலின் இளஞ்சூட்டு நீர் சேர்ந்து வெதுவெதுப்பாக ஓடும் கலப்புக் குழாய் வேர்ப்பதே இல்லை. இன்று அதன் அடியிலும் சரளைக்கல் நனைந்திருந்தது. செத்த குஞ்சுகள் நீர் விழும் இடத்தை விட்டு விலகி, காலை வெயில் படும் மூலையில் ஒட்டிக் கிடந்தன. மேற்கடல் நீரை இழுக்கும் வாயருகே, பாறையில், படையல்போல் பச்சை இலைப் பொட்டலம் ஒன்று. இலை வாடவில்லை; உள்ளே அவித்த கிழங்கு.

எல்லோரையும் பம்பு அறைக்கு அழைத்தாள். பம்பு ஆள் இயோகெபா தலை நிமிரவில்லை.

"குஞ்சுங்க சூட்டுல சாகல, குளிர்ல செத்திருக்கு" என்றாள் தொகுனாகாவிடம். "சூடா இருந்தா குளிர்தண்ணி விழற எடத்துக்கு ஓடிருக்கும். கலப்புக் குழாய் சட்டை நனையற அளவுக்கு வேர்த்திருக்கு. அப்போ அதுல வெறும் குளிர்தண்ணிதான் ஓடிருக்கு. நின்னது மேல்தண்ணி." பிறகு மெதுவாகக் கேட்டாள்: "இயோகெபா, வந்தது ஆமைதானே?"

ஆமை அவன் குலத்தின் முன்னோர் என்பது நோஹேயாவுக்குத் தெரியும். முதல் வெளிச்சத்தில் ஒன்றின் துடுப்புக் கால் பம்பின் இழுப்பில் நீர்வாய்க் கம்பியில் சிக்கிக்கொண்டிருந்ததாம். பம்பை நிறுத்தினான். அது தானாக விடுபட்டு நீந்திப்போக இரண்டு மணி நேரம் ஆனது. கிழங்கு வைத்தான். சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. குஞ்சுகள் செத்த பிறகு நாக்கு எழவில்லை.

மகோவா அவன் அருகில் போய் உட்கார்ந்தான். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருந்தா குளிரையும் மூடிருப்பேனேடா. நின்ன தண்ணியில அதுங்க பாட்டுக்குக் கெடந்திருக்கும்."

தொகுனாகா கடிதத்தைக் கிழித்தாள். இயோகெபாவை ஆறு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னாள். அதுவரை பம்பை யார் பார்ப்பது என்றதும் மகோவா கை தூக்கினான்.

"திரும்ப ஆமை வந்தா?" என்றாள் தொகுனாகா.

"ரெண்டையும் மூடுவேன்."